மானும் பூநாரையும் நல்ல தண்ணியும்... கோடியக்கரையில் இரண்டு நாள்!

'விவசாயிக்கு எங்கேய்யா லீவு?' என்று கேட்டே நாற்பது வருஷத்தை ஓட்டிவிட்டேன். பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னைதான் எனக்குப் பிழைப்பு. அதோடு இரண்டு கறவை மாடுகள். மாடு வைத்திருப்பவனுக்கு ராத்தங்கல் பயணம் என்பது கல்யாணத்துக்கும் கருமாதிக்கும்தான். இந்த வருஷம் பொங்கலுக்கு திருப்பூரிலிருந்து வந்த பேத்தி, நாலாம் வகுப்புப் பிள்ளை, "தாத்தா, நம்ம ஊருக்குக் கடல் கிட்டக்கத்தானே? ஒரு நாள்கூட நீ என்னைக் கூட்டிட்டுப் போனதில்ல" என்று கேட்டுவிட்டாள். பதில் சொல்ல வழியில்லை. பக்கத்துக் கொல்லைக்காரர், "ரெண்டு நாளைக்கு நான் பால் கறந்து ஊத்திடுறேன், போய்ட்டு வாங்க மாமா" என்று தைரியம் கொடுத்தார். காணும் பொங்கலுக்கு மறுநாள் விடியலில் நான், வீட்டுக்காரி, பேத்தி மூவரும் கிளம்பிவிட்டோம்.

போன இடம் கோடியக்கரை. வேதாரண்யத்துக்குத் தெற்கே சுமார் 11 கிலோமீட்டர். தெற்கு நோக்கி வருகிற வங்கக் கடற்கரை, மேற்கே பாக் நீரிணைப் பக்கம் திரும்புகிற முனை அது. வேதாரண்யத்தை ஒட்டிய ஊரில் என் கொழுந்தியாள் வீடு இருக்கிறது. தங்குவதற்குச் செலவில்லை என்பதால்தான் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால், திரும்பி வந்தபோது கொண்டுவந்தது வேறு கணக்கு.

உப்பளத்தில் முதல் நிறுத்தம்!

முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் போய்ச் சேரும்போது காலை ஒன்பது மணி. சகலை பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார். "வாங்கண்ணே, இப்பவாச்சும் வழி தெரிஞ்சுச்சே" என்று பையை வாங்கிக்கொண்டார். சாப்பிட்டுவிட்டு, முதலில் அகஸ்தியம்பள்ளிக்குக் கூட்டிப்போனார்.

1930-ம் வருஷம் ஏப்ரல் 13-ம் தேதி திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் நடந்து வந்த தொண்டர்கள், ஏப்ரல் 30-ம் தேதி உப்பு அள்ளிய இடம் இது. நினைவுத் தூண் இருக்கிறது. அந்தத் தொண்டர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்துத் தாங்கியவர் உள்ளூர்க்காரரான வேதரத்தினம் பிள்ளை. ஊர் அவரைச் 'சர்தார்' என்று அடைமொழியோடுதான் இன்றைக்கும் சொல்கிறது.

தூணைவிடப் பேத்திக்குப் பிடித்தது சுற்றிலும் விரிந்திருந்த உப்பளம்தான். தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்தபடியாக உப்பு விளைகிற ஊர் வேதாரண்யம். தை மாதம் என்பதால் அறுவடை இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரைந்துபோன வரப்பைக் கட்டிக்கொண்டும், பாத்தியைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டும் இருந்தார்கள். ஆணும் பெண்ணுமாக வெயிலில் நிற்கிறார்கள். கண் கூசுகிற வெயில். நாற்றங்கால் சமன்படுத்துகிற அதே நேர்த்தி. நமக்கு மழை பெய்தால் விளைச்சல், அவர்களுக்கு மழை பெய்தால் நஷ்டம். "அவங்களும் விவசாயிங்களா தாத்தா?" என்று பேத்தி கேட்டாள். "ஆமாம்மா, வெயிலை அறுக்கிற விவசாயி" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஆனால் அது சரியாகத்தான் இருந்தது.

பூநாரை பார்த்த மத்தியானம்

உப்பளத்தைத் தாண்டினால் சதுப்பு நிலம். மழைக்காலத்தில் ஊருக்குள் பெய்த நல்ல தண்ணீரும் கடல் தண்ணீரும் கலந்து, முழங்காலுக்குக் குறைவான ஆழத்தில் பரந்து கிடக்கிறது. அந்த ஆழம்தான் பறவைகளுக்கு வேண்டும். நீந்தாத, மண்ணைக் கிளறித் தின்கிற பறவைக்குக் கால் எட்ட வேண்டுமே! கோடியக்கரையில் 250-க்கும் மேற்பட்ட பறவை இனங்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். 2002-ம் வருஷம் இந்தச் சதுப்பு நிலமும் காடும் 'ராம்சார்' பட்டியலில் சேர்க்கப்பட்டது. உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்பதற்கான அங்கீகாரம் அது.

தூரத்தில் வெள்ளையாக ஒரு வரப்பு போலத் தெரிந்தது. "உப்புக் குவியலா?" என்று வீட்டுக்காரி கேட்கும்போதே அந்த வரப்பு எழுந்து பறந்தது. சிறகைப் பிரித்ததும் உள்ளே செந்நிறம், ஓரத்தில் கறுப்பு. பூநாரைகள்! பேத்தி வாய் பிளந்து நின்றுவிட்டாள். எனக்கும் அதே கதைதான். அறுபது வயசில் முதல் தடவையாகப் பார்க்கிறேன். என் ஊரிலிருந்து இரண்டரை மணி நேரப் பயணத்தில் இவை வந்து போய்க்கொண்டிருந்திருக்கின்றன.

மறுபடி இறங்கியதும் அவை தின்பதைக் கவனித்தோம். தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகைத் தண்ணீருக்குள் விட்டு, சேற்றுத் தண்ணீரை உறிஞ்சி வடிகட்டுகின்றன. நாம் அரிசி களைவது போலத்தான். உள்ளே தங்குகிற பாசியும் சின்னஞ்சிறு இறால் வகைகளும்தான் சாப்பாடு. அந்தத் தீனியில் இருக்கிற நிறமிதான் சிறகுக்குச் சிவப்பைக் கொடுக்கிறது. கோழிக்கு மஞ்சள் சோளம் போட்டால் முட்டைக் கருவில் நிறம் ஏறுகிறது அல்லவா, அதே சங்கதி.

பூநாரை பெரிசு, கண்ணில் படும். எனக்கு அதிக ஆச்சர்யம் கொடுத்தது, கரையோரச் சேற்றில் ஓடி ஓடிக் கொத்திக்கொண்டிருந்த குருவி அளவிலான உள்ளான்கள். கொசு உள்ளான் என்று ஒன்று இருக்கிறது. எடை 20 முதல் 30 கிராம். ஒரு பிடி நெல் அளவுக்குத்தான். அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது வடதுருவத்தை ஒட்டிய பனிப்பிரதேசத்தில். அங்கே உறைபனி ஆரம்பிப்பதற்கு முன் கிளம்பி இவ்வளவு தூரம் வந்து, பங்குனி, சித்திரையில் திரும்பிப் போகிறது. பறவையியல் அறிஞர் சாலிம் அலி இந்த இடத்தின் அருமையை உணர்ந்து சொன்னவர். அவர் சார்ந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளுக்குக் காலில் வளையம் மாட்டி, எது எங்கே போகிறது என்று கணக்கு வைத்துவருகிறது.

பறவை பார்க்கப் போகிறவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். கிட்டப் போய்ப் படம் எடுக்க ஆசைப்பட்டு நாம் ஒரு தடவை கிளப்பிவிட்டால், அவை அன்றைக்குத் தின்றதில் ஒரு பங்கு அந்தப் பறத்தலிலேயே செலவாகிவிடும். மேய்கிற மாட்டை அடிக்கடி விரட்டினால் மடி வற்றும் என்பது நமக்குத் தெரியாதா? வரப்பிலேயே உட்கார்ந்து பார்த்தோம். ஒரு பழைய பைனாகுலர் கொழுந்தியாள் மகனிடம் இருந்தது. அதுவே போதுமாக இருந்தது.

வெளிமான் காட்டில் விடியல்

மறுநாள் காலை ஆறரை மணிக்குக் கோடியக்கரைச் சரணாலயச் சோதனைச்சாவடியில் இருந்தோம். 1967-ம் வருஷம் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு. முக்கியமாக வெளிமானைக் காப்பாற்றுவதற்காகவே அறிவித்தார்கள். வெளிமான் என்ற பேரிலேயே விஷயம் இருக்கிறது: அடர்ந்த காட்டில் ஒளிந்து வாழ்கிற மான் இல்லை, வெட்டவெளிப் புல்தரையில் வாழ்கிற மான். எதிரி வருவது தூரத்திலேயே தெரிய வேண்டும், தெரிந்ததும் ஓட இடம் வேண்டும். அதுதான் அதற்குப் பாதுகாப்பு.

பனி விலகாத புல்வெளியில் முதலில் பெட்டைகள் தெரிந்தன. வைக்கோல் நிறம், கொம்பு இல்லை. பதினைந்து இருபது இருக்கும். சற்றுத் தள்ளித் தனியாக ஒரு கிடா. முதுகெல்லாம் கறுப்பு, வயிறு வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். முறுக்கிவிட்ட கயிறு மாதிரி இரண்டு கொம்புகள். எங்களைப் பார்த்ததும் ஒரு பெட்டை காற்றில் எம்பியது. தரையில் வசந்தம் கட்டிவிட்டது போல ஒவ்வொன்றாக எல்லாம் எம்பிக்கொண்டே போய், ஐம்பது அறுபது அடி தள்ளி நின்று திரும்பிப் பார்த்தன. பேத்தி என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள், பேசவேயில்லை.

காட்டில் புள்ளிமான், நரி, முயல், காட்டுப்பன்றி, குரங்கு எல்லாம் உண்டு. மட்டக்குதிரைகள் கூட்டமாகத் திரிகின்றன. யாரோ எப்போதோ வளர்த்து விட்டுப்போன குதிரைகளின் வம்சம் என்கிறார்கள். வேடிக்கை பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால், குதிரை தின்பதும் அதே புல்லைத்தான். மானுக்குப் பங்காளி கூடிக்கொண்டே போகிறான்.

அதைவிடப் பெரிய பங்காளி சீமைக்கருவேல். நம் கண்மாயிலும் தரிசிலும் செய்த வேலையையே இங்கேயும் செய்திருக்கிறது. அதன் நெற்று இனிப்பாக இருக்கும். குதிரையும் மாடும் தின்று சாணத்தில் விதையைப் போட்டுவிடுகின்றன. எருவோடு விழுகிற விதை முளைக்காமல் இருக்குமா? வெளி மூடிக்கொண்டே வந்தால் வெளிமானுக்கு வெளி எங்கே? வனத்துறை பிடுங்கிக்கொண்டிருக்கிறது, அது முளைத்துக்கொண்டிருக்கிறது. கருவேலோடு மல்லுக்கட்டிய எவருக்கும் இந்தப் பாடு புரியும்.

உள்ளே போகப் போக வேறு காடு. பாலை மரங்கள். கடலோர மணலில், உப்புக்காற்றில், வருஷத்தில் சில மாத மழையை மட்டும் நம்பி எந்நேரமும் பச்சையாக நிற்கிற மரம். கோடையில் மஞ்சளாகப் பழுக்கும் பாலைப்பழத்தை இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் விரும்பித் தின்பார்கள். வாயெல்லாம் பிசினாக ஒட்டும், ஆனால் தேன். காட்டுக்குள்ளேயே ராமர் பாதம் என்கிற மணல்மேடு இருக்கிறது. சரணாலயத்தில் உயரமான இடம் அதுதான். கல்லில் செதுக்கிய பாதங்களைக் கும்பிட்டுவிட்டு நின்றால், ஒரு பக்கம் காடு, மறு பக்கம் சதுப்பு, அதற்கப்பால் உப்பளத்தின் வெள்ளை. மூன்றும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருப்பது அங்கிருந்து பார்த்தால்தான் புரிகிறது.

இந்த மேட்டில் நின்றபோதுதான் சகலை 'கஜா' பேச்சை எடுத்தார். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் புயல் கரையேறியது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில். "விடிஞ்சு பாத்தா காட்டுல ஒரு எலை இல்லண்ணே. தீ வச்ச மாதிரி நின்னுச்சு. மான், குதிரை, பறவைன்னு கெடந்த பொணத்தைச் சொல்லி மாளாது" என்றார். அன்றைக்கு எங்கள் கொல்லையில் 160 தென்னையில் 11 மிச்சம். என் துக்கமே எனக்குப் பெரிசாக இருந்ததால், காட்டுக்கு என்ன ஆனது என்று அன்று நினைத்தும் பார்க்கவில்லை. இப்போது கோணிய மரங்கள் கோணியபடியே துளிர்த்திருந்தன. விழுந்து கிடந்த ஒரு பாலை, படுத்த வாக்கிலேயே கிளை விட்டிருந்தது. நான் நட்ட கன்றுகளும் இப்போதுதான் பாளை விட ஆரம்பித்திருக்கின்றன. காட்டுக்கு யாரும் நிவாரணம் கொடுக்கவில்லை, தானாக எழுந்திருக்கிறது. அந்த மரத்துக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

'டிராக்டர்' வந்த தடம்!

காட்டைத் தாண்டிக் கடற்கரை. மெரினா மாதிரி அலை அடித்துப் புரட்டுகிற கடல் இல்லை. ஆழம் குறைவு, தண்ணீரில் வண்டல் கலந்திருக்கும். பிள்ளைகளைக் கணுக்கால் அளவுத் தண்ணீரில் நடக்க விடலாம். ஆனால், சில இடங்களில் கால் புதைகிற சேறு உண்டு. அதனால் மீனவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஐப்பசியிலிருந்து பங்குனி வரை பல ஊர் மீனவர்கள் இங்கே வந்து வாடி போட்டுத் தங்கி மீன் பிடிக்கிறார்கள். காலை நேரத்தில் படகு வந்து நின்றால் காலா, வாவல், நண்டு என்று ஏலம் களைகட்டும். வேடிக்கை பார்க்கவும் வாங்கவும் நல்ல நேரம் அதுதான்.

மணலில் அடப்பங்கொடி ஊதாப் பூவோடு படர்ந்து கிடந்தது. அதற்கு மேல்புறம் ராவணன் மீசை. குத்தினால் ரத்தம் வரும் அந்த முள்ளுப் புல்லின் காய்ந்த பூங்கொத்து பந்து மாதிரி காற்றில் உருண்டு போகும். பேத்தி அதைத் துரத்தியே ஒரு மணி நேரம் ஓட்டினாள். இந்த இரண்டும்தான் மணலைப் பிடித்து வைத்திருக்கிற வரப்புகள். மணல்மேடு இருந்தால்தான் கடல் உள்ளே வராது. கடற்கரையைச் 'சுத்தம்' பண்ணுகிறேன் என்று இவற்றை வழித்து எறிகிற இடங்களில் என்ன நடக்கும் என்று உழவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நண்டு வளைகளை எண்ணிக்கொண்டே முன்னால் ஓடிய பேத்தி, "தாத்தா, இங்க டிராக்டர் போயிருக்கு!" என்று கத்தினாள். தண்ணீரிலிருந்து மணல்மேடு வரை டயர் தடம் மாதிரியே ஒரு கோடு. அங்கே கம்போடு நின்றிருந்த வனத்துறைக் காவலர் சிரித்துவிட்டார். "டிராக்டர் இல்ல பாப்பா, ஆமை. ராத்திரி முட்டை போட்டுட்டுப் போயிருக்கு." கம்பால் மணலை மெதுவாகக் குத்திப் பார்த்து, இளகிய இடம் கண்டுபிடித்து, கையால் தோண்டினார். பிங்பாங் பந்து போல ஒவ்வொன்றாக வந்தன. ஒரு குழியில் 100 முட்டை அளவில் இருக்குமாம்.

இது பங்குனி ஆமை; ஆலிவ் ரிட்லி என்பார்கள். தை முதல் பங்குனி வரை முட்டையிடக் கரையேறும். நரி, நாய், பன்றி தோண்டித் தின்றுவிடும் என்பதால், வனத்துறை முட்டைகளை எடுத்துப்போய் வேலி போட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைக்கிறது. 45 முதல் 60 நாளில் குஞ்சு வெளியே வரும். மணலின் சூட்டைப் பொறுத்து ஆணா, பெண்ணா என்பது முடிவாகும். சூடு கூடினால் பெண் அதிகம். குஞ்சுகள் இருட்டில் வெளிச்சமான அடிவானத்தைப் பார்த்துக் கடலுக்குப் போகும். நாம் டார்ச் அடித்தால், கடற்கரையில் தெருவிளக்கு போட்டால், கடல் இருக்கும் திசையை விட்டுவிட்டு ஊர்ப்பக்கம் நகர்ந்து செத்துப்போகும்.

அதே கரையில் அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு பெரிய ஆமை செத்து ஒதுங்கியிருந்தது. உடம்பில் காயம் இல்லை. ஆமைக்கும் மூச்சு விடக் காற்று வேண்டும். இழுவலைக்குள் சிக்கி மேலே வர முடியாமல் போனால் தண்ணீரிலேயே மூச்சு முட்டிச் சாகும். ஆமை தப்பிக்க வலையில் பொருத்தும் கருவி இருக்கிறது. அதை மாட்டினால் மீனும் வெளியே போய்விடும் என்பது மீனவர் பயம். கடனில் படகு ஓட்டுகிறவரின் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பயிருக்குள் பன்றி இறங்கினால் நமக்கு வருகிற கோபமும் அதே ரகம்தான். ஆனால், பேத்தி என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி வேறு: "இது வயித்துலயும் நூறு முட்டை இருந்திருக்குமா?" நான் பதில் சொல்லவில்லை.

மணலுக்கடியில் மிதக்கும் தண்ணீர்

சாயங்காலம் சகலையின் கொல்லையில் கட்டில் போட்டு உட்கார்ந்தோம். ஒன்றரை ஏக்கர் மணல் நிலம். ஒட்டுமாவும் முல்லையும். பனிக்காலம் என்பதால் பூ குறைவு. அதனால் விலை நன்றாக இருக்கிறது என்று கொழுந்தியாள் சொன்னார். கோடி அருகே இருந்தும், எட்டடி ஆழக் குட்டையில் தண்ணீர் தித்திப்பு. அதில் குடத்தை முக்கித்தான் முல்லைச் செடிக்கு ஊற்றுகிறார்கள். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது இது எப்படி?

விஷயம் எளிது. மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கிற கடல் தண்ணீர் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு, உப்புத் தண்ணீர் எடை அதிகம். கணக்குப்படி, கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் 1 அடி நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இறங்கியிருக்கும். இதையே திருப்பிப் பாருங்கள். மோட்டார் போட்டு இறைத்து மேலே 1 அடி குறைத்தால், காலப்போக்கில் கீழிருந்து 40 அடி உப்பு ஏறும். அதனால்தான் இந்த ஊர்ப் பெரியவர்கள் ஆழமாகத் தோண்டாமல், அகலமாகக் குட்டை வெட்டினார்கள். காட்டுக்குள் மானும் நரியும் குடிக்கிற பள்ளங்களில் நிற்பதும் இதே தண்ணீர்தான்.

சகலை கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னார். "அண்ணே, பக்கத்துக் கொல்லைய இறால் குட்டைக்குக் குத்தகைக்குக் கேக்குறாங்க. எனக்கும் ரேட்டு சொல்லியிருக்காங்க. கஜாவுல போன மாமரம் இன்னும் முழுசா வரல. பொண்ணு கல்யாணம் வேற நிக்கிது. என்ன பண்றதுன்னு தெரியல."

எனக்குப் படபடவென்று வந்தது. இறால் குட்டையில் தேக்குகிற உவர் தண்ணீர் மணலில் இறங்கினால், பக்கத்துக் குட்டையின் தித்திப்பு போய்விடும். இந்தப் பிரச்னைக்காகத்தான் சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதன் இந்தப் பகுதி மக்களோடு போராடி, உச்ச நீதிமன்றம் வரை போனார். கடலோர ஒழுங்குமுறை எல்லைக்குள் இருக்கிற, பாரம்பரிய முறை அல்லாத இறால் பண்ணைகளை அகற்றச் சொல்லி 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. பிறகு 2005-ல் தனிச் சட்டம் வந்து, பதிவு பெற்ற பண்ணைகள் நடக்கின்றன. முறையாகச் செய்து பிழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால், கீழே களிமண் இல்லாத இந்த வெறும் மணலில்?

இதெல்லாம் சொல்லலாம். சொல்லிவிட்டு நான் பஸ் ஏறிப் போய்விடுவேன். கல்யாணச் செலவு அவருக்குத்தானே நிற்கும்? அதனால் ஒன்றை மட்டும் சொன்னேன். "தம்பி, குத்தகை மூணு வருஷத்துல முடியும். தண்ணி திரும்பி வர எத்தனை மழை வேணும்னு மட்டும் கேட்டுக்க. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி மண்ணையும் தண்ணியையும் பரிசோதனைக்குக் குடு." அவர் தலையாட்டினார். கொழுந்தியாள் குட்டையிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு வந்து பேத்தியிடம் கொடுத்தார். "குடிச்சுப் பாரு. கடலு அந்தா இருக்கு, தண்ணி எப்படி இருக்குன்னு உங்க தாத்தாகிட்ட சொல்லு." அவள் குடித்துவிட்டு, "திருப்பூர் தண்ணிய விட நல்லா இருக்கு" என்றாள். சகலை சிரித்துவிட்டார்.

மறுநாள் காலை வேதாரண்யேஸ்வரர் கோயிலில் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். அப்பரும் சம்பந்தரும் பாடிக் கதவைத் திறக்கவும் அடைக்கவும் செய்ததாகச் சொல்லும் திருமறைக்காடு இதுதான்.

இரண்டு வாரம் கழித்து சகலை போன் செய்தார். பக்கத்துக் கொல்லைக்காரர் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார். இவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. குட்டைத் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். "இப்ப என்ன அளவுல இருக்குன்னு ஒரு காகிதம் கையில இருக்கட்டும்ணே. நாளைக்கு உப்பு ஏறுனா, ஏறிச்சுன்னு காட்டணும்ல" என்றார். போனை வாங்கிய கொழுந்தியாள், ஆமைக் குஞ்சு கடலில் விடும்போது பேத்தியைக் கூட்டிவரச் சொன்னார். பங்குனிக்கு மறுபடியும் மாட்டுக்கு ஆள் பார்க்க வேண்டும்.

போகிறவர்கள் கேட்கிற கேள்விகள்

'எந்த மாதம் போகலாம்?'

பறவைக்கு ஐப்பசி முதல் தை வரை. கடுமையான மழை நாட்களைத் தவிர்த்துவிட்டு, மார்கழி, தை மாதங்களில் போவது நல்லது. ஆமை முட்டைக்குத் தை முதல் பங்குனி. வெளிமானை எப்போதும் பார்க்கலாம். விடியலும் சாயங்காலமும்தான் நேரம்.

'எப்படிப் போவது?'

நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி இரண்டு ஊரிலிருந்தும் வேதாரண்யத்துக்கு பஸ் உண்டு. அங்கிருந்து கோடியக்கரைக்கு பஸ், ஆட்டோ. திருத்துறைப்பூண்டி-அகஸ்தியம்பள்ளி அகல ரயில் பாதை 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. ரயில் நேரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

'காட்டுக்குள் இஷ்டம்போல் போகலாமா?'

கூடாது. சோதனைச்சாவடியில் அனுமதி வாங்க வேண்டும். ராத்திரியில் ஆமை பார்க்க வனத்துறை ஆட்கள் இல்லாமல் கடற்கரைக்குப் போகக் கூடாது. டார்ச், செல்போன் வெளிச்சம் கூடவே கூடாது. குரங்குக்கும் மானுக்கும் தீனி போடாதீர்கள். பிளாஸ்டிக் பையை நெற்று என்று நினைத்து மான் தின்றுவிடும்.

'என்ன எடுத்துப் போக வேண்டும்?'

குடிதண்ணீர், தொப்பி, தேய்ந்தாலும் கவலையில்லாத செருப்பு, இருந்தால் பைனாகுலர். வெள்ளை, சிவப்புச் சட்டையை விட்டுவிட்டு மண் நிறத்தில் உடுத்துங்கள். பறவை கிட்ட வரும். திரும்பும்போது சிப்பி அள்ளி வராதீர்கள். காலிச் சிப்பிக்குள்ளும் ஒரு நண்டு குடியிருக்கும்.